திரவ உலோகத்தைக் காந்தம் தள்ளவும் செய்யும், தடுக்கவும் செய்யும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம்.

அணுசக்தி பற்றிய பேச்சு சிங்கப்பூரில் மீண்டும் சூடுபிடித்திருக்கிறது. அன்றைக்குக் கிடைத்த அணு உலைகள் நம்மைப் போன்ற மக்கள் அடர்த்தி மிகுந்த சிறிய நாட்டுக்குப் பொருந்தமாட்டா என்று 2012ஆம் ஆண்டில் வெளியான முன்சாத்தியக்கூறு ஆய்வு கூறியது. பிறகு 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், சிறிய ரக உலைகளில் ஏற்பட்டுள்ள முன்னேற்றங்களைச் சுட்டிக்காட்டி, அணுசக்தி நமக்குச் சாத்தியமா என்பதை அரசாங்கம் ஆராயும் என்று அறிவித்தார். அதன்பின் நம்மவர்கள் கூடும் இடங்களில் நடக்கும் உரையாடல்களில் ஒரு கருத்து திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. புதிய உலைகளில் தண்ணீருக்குப் பதிலாக உருகிய உலோகம் ஓடும். அதைக் காந்தமே தள்ளிவிடும். சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் பழுதுக்கு இடமே இல்லை என்பதுதான் அது.

உருக்குத் தொழிலில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இக்கருத்தின் முதல் பகுதியை நான் ஏற்கிறேன். சோடியம், ஈயம், ஈய-பிஸ்மத் கலவை ஆகியவற்றைக் குளிர்விப்பானாகக் கொண்ட உலை வடிவமைப்புகள் உலகில் உண்டு. திரவ உலோகத்தைக் காந்தப்புலத்தால் நகர்த்தும் பம்புகளும் உண்டு. ஆனால் கடைசிப் பகுதி தவறானது. திரவ உலோகத்தைத் தள்ளும் அதே விசை, சூழ்நிலை சற்று மாறினால் அதைப் பிடித்து நிறுத்தவும் செய்யும். எப்போது தள்ளும், எப்போது தடுக்கும் என்பதைப் பொதுமக்களும் புரிந்துகொள்ள முடியும் என்று நம்பியே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

காந்தம் இரும்பை இழுப்பதை நாம் அறிவோம். அந்த இழுவிசைக்கும் இங்கே பேசப்படும் விசைக்கும் தொடர்பில்லை. இரும்பு ஏறத்தாழ 770 பாகை செல்சியசைத் தாண்டியதுமே காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடுகிறது. ஆகவே 1,500 பாகையை ஒட்டிய வெப்பத்தில் உருகிக் கிடக்கும் எஃகின் அருகே எவ்வளவு வலிய காந்தத்தைக் கொண்டுசென்றாலும் அது ஒட்டிக்கொள்ளாது. சோடியத்துக்கும் ஈயத்துக்கும் அந்தத் தன்மை எந்த வெப்பநிலையிலும் கிடையாது. உலோகத்தின் உள்ளே மின்னோட்டம் பாயும்போதுதான், அதுவும் காந்தப்புலத்துக்குக் குறுக்கே பாயும்போதுதான், விசை பிறக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் இடது கையின் மூன்று விரல்களையும் முறுக்கிப் பிடித்துத் தேர்வுக்குப் படித்த விதி இதுவே.

அந்த மின்னோட்டம் இரண்டு வழிகளில் வரலாம். வெளியிலிருந்து நாமே செலுத்தினால், திரவ உலோகம் மின்மோட்டாரின் சுழலியைப் போலத் தள்ளப்படும். நாம் எதுவும் செலுத்தாமல், உலோகமே காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடினாலும், ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்தூண்டலால் அதனுள் மின்னழுத்தம் தோன்றும். சுற்று முழுமையடைந்தால் மின்னோட்டம் பாயும். லென்சு விதிப்படி அந்த மின்னோட்டம் எழுப்பும் விசை ஓட்டத்தை எதிர்க்கும். மின்னோட்டம் எப்போதும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால், அது எந்த வழியாகத் திரும்புகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. திரவ உலோகக் கருவி எதைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டாலும், காந்தத்தின் வலிமையைக் கேட்பதற்கு முன் மின்னோட்டத்தின் திரும்பும் பாதையைக் கேட்பது என் பழக்கம். விற்க வருபவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்வார்கள்.

பம்பையே எடுத்துக்கொள்வோம். தட்டையான துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றில் உருகிய சோடியம் இருக்கிறது. குழாயின் மேலும் கீழும் காந்தத்தின் இரு முனைகள். இடமும் வலமும் உள்ள சுவர்களில் தடித்த செப்புப் பட்டைகள். குழாயின் உள் உயரம் 2 சென்டிமீட்டர், காந்தப்புலம் அரை டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு), சோடியத்தின் குறுக்கே செல்லும் மின்னோட்டம் 2,000 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி கிடைக்கும் அழுத்தம் 50,000 பாஸ்கல், அதாவது அரை வளிமண்டல அழுத்தம். மின்னழுத்தம் ஓரிரு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். ஆம்பியர் மட்டும் ஆயிரக்கணக்கில் வேண்டும். அந்த 2,000 ஆம்பியரும் சோடியத்தின் வழியாகவே செல்லும் என்பதற்கும் உறுதியில்லை. ஒரு பகுதி எஃகுச் சுவர் வழியாக நழுவும்; இன்னொரு பகுதி காந்தத்தின் எல்லைக்கு வெளியே, முன்னும் பின்னும் உள்ள சோடியத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அப்படிப் போகும் மின்னோட்டம் சூட்டை உண்டாக்கும், தள்ளுவதற்கு உதவாது.

மற்றொரு வகைப் பம்பில் செப்புப் பட்டைகளே தேவையில்லை. குழாயைச் சுற்றி மூன்று கட்ட மின்சுருள்களை வரிசையாக வைத்து, குழாயின் நீளவாக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகிறார்கள். அந்தப் புலம் சோடியத்தைவிட வேகமாக நகர்வதால், வேக வேறுபாட்டுக்கு ஏற்பச் சோடியத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அது புலத்தின் பின்னே இழுத்துச் செல்லப்படுகிறது. இதன் முன்னோடிகளில் ஒன்றை 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் வடிவமைத்தவர்கள் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அன்றைய குளிர்பதனப் பெட்டிகளின் அடைப்புகள் வழியாக நச்சு வாயு கசிந்து வீடுகளில் உயிரிழப்பு நேர்ந்ததால், நகரும் பாகமும் அடைப்பும் இல்லாத பெட்டி ஒன்றை உருவாக்க அவர்கள் முயன்றார்கள். உள்ளே ஓடியது சோடியம்-பொட்டாசியக் கலவை. அந்தப் பெட்டி இரைச்சல் மிகுந்ததாக இருந்தது, கடைக்கும் வரவில்லை. ஆனால் பம்பின் தத்துவம் பின்னாளில் அணு உலைகளுக்குக் கைகொடுத்தது.

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1985ஆம் ஆண்டு அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை (எரிபொருளைப் பயன்படுத்திக்கொண்டே புதிய எரிபொருளையும் உண்டாக்கும் உலை வகை), சோடியத்தால் குளிர்விக்கப்படுவது. அதை அடுத்து அங்கேயே 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி உலை கட்டப்பட்டது. அந்தப் பெரிய உலையில் சோடியத்தைச் சுழலவிடும் முதன்மைப் பம்புகள் காந்தப் பம்புகள் அல்ல. தண்டும் சுழலியும் உள்ள இயந்திரப் பம்புகள். சோடியத்தைத் தூய்மைப்படுத்தும் துணைச் சுற்றுகள் போன்ற சிறிய இடங்களுக்கே மின்காந்தப் பம்புகள் ஒதுக்கப்பட்டன. இந்தத் தெரிவுக்கான காரணங்கள் எளிமையானவை. மின்காந்தப் பம்பின் செயல்திறன் இயந்திரப் பம்பினுடையதைவிட வெகு குறைவு. 400 பாகை சூட்டில் ஓடும் சோடியத்துக்கு அருகிலேயே சுருள்கள் இருப்பதால் அவற்றின் மின்காப்பு விரைவில் மூப்படையும் அபாயம் உண்டு. நகரும் பாகம் இல்லாத கருவிக்கும் ஆயுள் எல்லை உண்டு என்பதற்கு அந்தக் காப்பு ஒன்றே போதும்.

இவற்றைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. அது பொது உரையாடல்களில் எழுப்பப்பட்டு நான் கேட்டதில்லை. அணு உலையை நிறுத்திய கணத்திலும் அதன் முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு, கதிரியக்கச் சிதைவால் தொடர்ந்து வெளிவந்துகொண்டிருக்கும். மின்விநியோகம் திடீரென்று துண்டிக்கப்பட்டால், இயந்திரப் பம்பின் தண்டில் பொருத்தப்பட்டுள்ள கனமான சக்கரம் தன் உந்தத்தால் மேலும் சிறிது நேரம் சுழன்று, குளிர்விப்பானின் ஓட்டத்தைப் படிப்படியாகவே குறையவிடும். அதற்குள் சூடான திரவம் மேலெழும்பும் இயல்பான சுழற்சி நிலைபெற்றுவிடும். மின்காந்தப் பம்பில் அப்படிச் சேமித்துவைத்த உந்தம் எதுவும் இல்லை. மின்சாரம் நின்றால் தள்ளுவிசையும் அதே நொடியில் நின்றுவிடும். அது மட்டுமன்று: பம்பில் நிலைக்காந்தம் பொருத்தப்பட்டிருந்தால், தள்ளுவிசை போன பிறகும் காந்தப்புலம் அப்படியே இருக்கும், மிச்ச வேகத்தில் ஓடும் சோடியம் அந்தப் புலத்துக்குக் குறுக்கே செல்லும், தூண்டப்பட்ட மின்னோட்டம் சுவர்கள் வழியாகத் திரும்பும், ஒரு நொடிக்கு முன்பு பம்பாக இருந்த கருவி இப்போது தடையாக மாறிவிடும். இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. மின்காந்தப் பம்பை நம்பும் சிறிய உலை வடிவமைப்புகளில், கனமான சுழலும் மின்னியந்திரம் ஒன்றைத் தனியே வைத்து, அதன் உந்தத்திலிருந்து பம்புக்குச் சிறிது நேரம் மின்சாரம் கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்க்கிறார்கள். அதாவது, இல்லை என்று பெருமைப்பட்ட சுழலும் பாகம் வேறோர் அறையில் சுழன்றுகொண்டிருக்கிறது.

காந்தத்துக்கு எதிராக வாதிடுவது என் நோக்கம் அன்று. ஓட்டத்தை அளப்பதில் அதற்கு இணை கிடையாது. ஓடும் நீரில் புவியின் காந்தப்புலம் தூண்டும் மின்னழுத்தத்தை அளந்துவிட முடியும் என்று எண்ணி, ஃபாரடே 1832ஆம் ஆண்டில் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் உலோகத் தகடுகளை இறக்கிப் பார்த்தார். தெளிவான அளவீடு கிடைக்கவில்லை. ஆற்றுநீரின் இடத்தில் சோடியத்தையும், புவியின் இடத்தில் நல்ல காந்தத்தையும் வைத்தால் அதே சோதனை அழகாக வெற்றி பெறுகிறது. 10 சென்டிமீட்டர் குழாயில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சோடியம் ஓட, காந்தப்புலம் 0.1 டெஸ்லா என்றால், குழாயின் இரு பக்கங்களுக்கிடையே ஏறத்தாழ 50 மில்லிவோல்ட் தோன்றும். குழாயின் வெளிப்புறத்தில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தால் போதும். உள்ளே எதையும் செருக வேண்டியதில்லை. கல்பாக்கத்தின் சோடியச் சுற்றுகளில் நிலைக்காந்த ஓட்டமானிகள் பயன்படுகின்றன.

எதையும் செருகாமல் இருப்பதன் அருமையை ஜப்பானின் மொஞ்சு உலை காட்டியது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி அங்கே இரண்டாம் சுற்றிலிருந்து சோடியம் கசிந்து தீப்பிடித்தது. வெப்பமானியைத் தாங்குவதற்காகக் குழாய்க்குள் நீட்டப்பட்டிருந்த உறை, ஓட்டத்தால் எழுந்த அதிர்வில் முறிந்ததே காரணம். அந்தச் சுற்றில் கதிரியக்கம் இல்லை என்றாலும், அந்த உலை அதன்பின் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016ஆம் ஆண்டில் அதை நிரந்தரமாகக் கைவிடும் முடிவு எடுக்கப்பட்டது. உலோகம் குளிர்விக்கும் உலைகளில் பெரிய ஆபத்துகளைப் பற்றி மட்டுமே பேசுவோருக்கு இந்தச் சிறிய உறையை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

இலேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெறும் அணுக்கரு இணைவு பற்றிய செய்திகளிலும் இதே விடுபடல் இருக்கிறது. பிளாஸ்மா எனப்படும் மின்னேற்ற வாயு எத்தனை கோடிப் பாகைக்குச் சூடானது, எத்தனை நொடி நிலைத்தது என்பவையே தலைப்புச் செய்தியாகின்றன. அந்தச் சூட்டை வெளியே எடுத்துவர வேண்டிய திரவத்தின் பாட்டை யாரும் எழுதுவதில்லை. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும் உலையில், டிரிட்டியத்தை அங்கேயே உற்பத்தி செய்துகொள்ள லித்தியம் தேவை. அதற்கு ஏற்ற திரவமாக ஈய-லித்தியக் கலவை பல காலமாக ஆராயப்படுகிறது. சிக்கல் என்னவென்றால், பிளாஸ்மாவைக் கட்டிவைக்கும் காந்தப்புலத்தின் நடுவேதான் அந்தக் கலவையும் ஓடியாக வேண்டும். பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் என்ற பன்னாட்டு இணைவு உலையில் பிளாஸ்மாவின் மையத்தில் 5.3 டெஸ்லா இருக்கும். சிங்கப்பூரில் நம்மைச் சூழ்ந்துள்ள புவிக் காந்தப்புலம் ஏறத்தாழ 42 மைக்ரோடெஸ்லா. ஐட்டரில் இருப்பது அதைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகம். (அந்த 42 மைக்ரோடெஸ்லாவும், நம் காலடியில் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே புரளும் உருகிய இரும்பின் ஓட்டத்தால் விளைந்தது என்பது வேறு கதை.)

5 டெஸ்லா புலத்துக்குக் குறுக்கே ஈய-லித்தியம் நொடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்வதாகக் கொள்வோம். மின்னோட்டம் குழாய்ச் சுவர் வழியாகத் தடையின்றித் திரும்ப முடிந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 20 வளிமண்டல அழுத்தத்தை இழக்க நேரும். எந்தப் பம்பும் எந்தக் குழாயும் அதை நெடுந்தூரம் தாங்கா. அதே சுவருக்கு முழுமையான மின்காப்பு இருந்தால், மின்னோட்டம் திரவத்தின் ஓரத்தில் உள்ள மிக மெல்லிய படலம் ஒன்றின் வழியாகவே திரும்ப முடியும். 10 சென்டிமீட்டர் அளவுள்ள வழியில் அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அவ்வளவு குறுகிய வழியில் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்துபோவதால், அழுத்த இழப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வீழ்ந்துவிடும். திரவமும் வேகமும் காந்தமும் மாறவில்லை. மின்னோட்டம் திரும்பும் வழி மட்டுமே மாறியது. பாதரசத்தைக் காந்தமுனைகளுக்கிடையே ஓடவிட்டு இந்த மெல்லிய படலத்தின் இயல்பை 1937ஆம் ஆண்டிலேயே விளக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜூலியஸ் ஹார்ட்மன். படலமும் அதைக் கணிக்கும் எண்ணும் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றன.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட விடைகளில் ஒன்று, குழாய்க்குள் சிலிக்கான் கார்பைடால் ஆன காப்பு உறையைச் செருகுவது. நீண்ட காலம் நியூட்ரான்களின் தாக்குதலைத் தாங்கி அந்த உறை விரிசலடையாமல் இருக்க வேண்டும். விரிசல் விழுந்தால் மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி கிடைத்துவிடும். ஐரோப்பியர்கள் ஆராயும் மற்றொரு வடிவமைப்பில், ஈய-லித்தியத்தை மிக மெதுவாக நகரவிட்டு, வெப்பத்தைச் சுமக்கும் வேலையைத் தண்ணீரிடமே ஒப்படைக்கிறார்கள். என் பார்வையில் அது ஒருவகைப் பின்வாங்கல்தான். ஆயினும் அறிவார்ந்த பின்வாங்கல்.

தடுக்கும் விசை எல்லா இடத்திலும் தொல்லையும் அல்ல. உலகில் தயாராகும் சில்லுகளில் பத்தில் ஒன்று சிங்கப்பூரில் உற்பத்தியாகிறது. அவற்றுக்கு அடித்தளமான சிலிக்கான் தகடுகளும் தெம்பனிஸில் உற்பத்தியாகின்றன. திடநிலையில் பகுதி மின்கடத்தியான சிலிக்கான், 1,414 பாகையில் உருகியதும் உலோகத்தைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும் திரவமாகிவிடுகிறது. குவார்ட்ஸ் கலத்தில் உருகி நிற்கும் அந்தத் திரவத்திலிருந்துதான் ஒற்றைப் படிகத்தை மெல்லச் சுழற்றி மேலே இழுக்கிறார்கள். கலத்துக்குள் வெப்பத்தால் எழும் கொந்தளிப்பு, படிகம் வளரும் முகப்பில் வெப்பநிலையை ஏறி இறங்கச் செய்கிறது. கலத்தின் சுவரிலிருந்து கரையும் ஆக்சிஜனையும் அள்ளிக்கொண்டு வருகிறது. கலத்தைச் சுற்றிக் காந்தப்புலம் ஒன்றை நிறுவினால், குறுக்கே பாயும் திரவம் தன் வேகத்தாலேயே தனக்குத் தடையை உண்டாக்கிக்கொண்டு அடங்குகிறது. படிகத்துக்குள் செல்லும் ஆக்சிஜனின் அளவையும் கட்டுப்படுத்த முடிகிறது. 300 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய படிகங்களை வளர்ப்பதில் இது இன்று நன்கு வேரூன்றிய முறை.

எஃகு வார்ப்பிலும் இரண்டு விதமான பயனும் உண்டு. அகன்ற பலகைகளாக வார்க்கும்போது, குழாயிலிருந்து பீறிட்டு வரும் எஃகைக் காந்தத்தால் தணித்து, மேலே மிதக்கும் கசடு உள்ளே இழுக்கப்படாமல் காக்கிறார்கள். சிறிய கட்டிகளாக வார்க்கும்போது, சுழலும் காந்தப்புலத்தால் உருகிய எஃகைக் கலக்கி, நடுப்பகுதியில் குழிவும் கலப்புச் சீர்கேடும் நேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். வார்ப்பு அச்சு செம்பால் ஆனது. வீட்டு மின்சாரத்தைப் போல 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலத்தைச் சுழற்றினால், மின்னோட்டம் அந்தச் செம்பிலேயே சுற்றி முடிந்து, புலத்தில் பெரும்பகுதி எஃகை எட்டாது. ஆகவே சில ஹெர்ட்ஸ் வேகத்திலேயே சுழற்றுகிறார்கள். இங்கேயும் மின்னோட்டத்துக்கு எளிதான வழி எது என்பதுதான் கேள்வி.

அணுசக்தி பற்றிய மதிப்பீடுகள் நம் நாட்டில் வெளிவரும்போது, அவை தமிழிலும் விரிவாக எழுதப்படும் என்று எதிர்பார்க்கிறேன். உங்கள் நிருபர்கள் வல்லுநர்களைச் சந்திக்கும்போது, உருகிய உலோகம் ஓடும் உலை எதுவாயினும், சில கேள்விகளைக் கேட்டு விடையை எழுத்தில் பெற்று வெளியிடுமாறு வேண்டுகிறேன். மின்விநியோகம் துண்டிக்கப்பட்ட முதல் ஒரு நிமிடத்தில் குளிர்விப்பானின் ஓட்டம் எவ்வளவு இருக்கும், அதை எது தாங்கிப் பிடிக்கும்? பம்பில் இருப்பது நிலைக்காந்தமா, மின்காந்தமா? சுருள்களின் மின்காப்பு எத்தனை பாகையில் எத்தனை ஆண்டுகளுக்குச் சோதிக்கப்பட்டிருக்கிறது? ஓட்டத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகளில் எவை குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன? இணைவு உலை பற்றிய செய்தியானால், திரவ உலோகம் ஓடும் குழாயின் சுவருக்கு மின்காப்பு உண்டா, அது எந்த அளவு காந்தப்புலத்தில் சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகவியல் பொறியாளர்,
புக்கிட் பாஞ்சாங்